கட்டுநாயக்கவிலிருந்து எத்தனை மணித்தியாலம்?

ஹட்டனில் பல காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "மாஸ்டர், லண்டன் எவ்வளவு தூரம், பிளேன்ல எத்தன மணித்தியாலம்?" என்று தூரத்தையும் நேரத்தையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். கைப்பேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைத் தட்டினால் அந்த இரண்டு எண்களும் உடனே வந்துவிடுகின்றன. கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்குச் சுமார் 8,700 கிலோமீற்றர், சுமார் 11 மணித்தியாலம். இதில் தூரத்தைக் குறிக்கும் எண் நம்பத்தக்கது, ஆனால் பயணிக்கு அதனால் பெரிய பயன் எதுவும் இல்லை. நேரத்தைக் குறிக்கும் எண்தான் எல்லோருக்கும் தேவைப்படுகிறது, அதுவோ மலைநாட்டிலிருந்து புறப்படும் ஒருவருக்கு முழுக்கணக்கின் சரிபாதிகூட ஆகாது. இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன, எந்த இடத்தில் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

தூரத்திலிருந்து தொடங்குகிறேன். வகுப்பறையில் இதற்கு எனக்குத் தேவைப்பட்டவை ஓர் உலக உருண்டையும் ஒரு நூலும் மட்டுமே. கொழும்பில் ஒரு முனையையும் லண்டனில் மறு முனையையும் பிடித்து நூலை இறுக்கினால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படிந்துவிடும். அந்த வழி பூமியின் மையத்தை ஊடறுத்துச் செல்லும் ஒரு வெட்டுத்தளத்தின் விளிம்பில் அமைவதால் அதனைப் பெருவட்டம் என்கிறோம். கணினி செய்வதும் இதையேதான், ஆனால் நூலுக்குப் பதிலாகத் திரிகோண கணிதத்தைப் பயன்படுத்துகிறது. கட்டுநாயக்க ஏறத்தாழ 7.2 பாகை வடக்கு, 79.9 பாகை கிழக்கு. ஹீத்ரோ 51.5 பாகை வடக்கு, அரைப்பாகைக்குச் சற்றுக் குறைவாக மேற்கு. இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் சைன், கோசைன் அட்டவணையை வைத்துக்கொண்டே 78 பாகைக்குச் சற்று அதிகமான ஒரு கோணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பூமியின் மையத்தில் ஒரு பாகை என்பது தரையில் ஏறத்தாழ 111 கிலோமீற்றர் என்பதால், விடை 8,700ஐத் தாண்டிச் சற்றே நிற்கும். ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு கலையும் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர் ஆகும். விமானிகள் இன்றும் கடல் மைலிலேயே பேசுவதற்கு இந்த வசதியே காரணம்.

ஓர் இடத்தில் 8,700 என்றும் இன்னோர் இடத்தில் 8,720 என்றும் இருப்பதைக் கண்டு குழம்புகிறவர்கள் உண்டு. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதை முழு உருண்டை என்று கொண்டு கணிப்பவருக்கும், அந்தத் தட்டையையும் சேர்த்துக் கணிப்பவருக்கும் இடையில் அரை வீதத்துக்கு உட்பட்ட வேறுபாடு வருவது இயல்பு. விமானம் தரையில் ஓடுவதில்லை, சுமார் 11 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறது, ஆகவே அதன் பாதை இன்னும் சற்றுப் பெரிய வட்டத்தில் அமைகிறது. லண்டன் வரை இதனால் கூடுவது ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான். விமானத்துக்கு அது ஒரு நிமிடம்.

இந்த நூலின் உண்மையான வியப்பு லண்டனில் தெரிவதில்லை, கனடாவில்தான் தெரிகிறது. சுவரில் தொங்கும் தட்டையான உலகப்படத்தில் கொழும்பையும் டொரன்டோவையும் அடிமட்டத்தால் இணைத்தால், கோடு அரபிக் கடலையும் ஆபிரிக்காவின் வடபகுதியையும் அத்திலாந்திக்கையும் கடந்து போகும். அந்த வழியில் திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஏறத்தாழ 16,100 கிலோமீற்றர் பறக்க வேண்டும். உருண்டையில் நூலை இறுக்கினால், அது கட்டுநாயக்கவிலிருந்து கிட்டத்தட்ட வடக்கு நோக்கிக் கிளம்பி, இந்தியா, மத்திய ஆசியா, ரஷ்யா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் கடந்து 72 பாகை வடக்கு வரை சென்று, கிறீன்லாந்தின் மேலாக இறங்கி, கனடாவின் வடகிழக்கு வழியாக டொரன்டோவை அடைகிறது. அந்த வழி ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2,000 கிலோமீற்றருக்கும் அதிகம். தேயிலைக் கொழுந்து வளரும் ஊரிலிருந்து பனிக்கரடி வாழும் ஊர் வழியாகவா கனடாவுக்குப் போவது என்று வகுப்பில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஓய்ந்த பிறகு அவர்கள் அந்தப் பாடத்தை மறந்ததில்லை.

ஆனால் நூல் காட்டும் வழியில் எல்லா நாளும் விமானம் போக முடியாது. கட்டுநாயக்க–ஹீத்ரோ நூலைக் கூர்ந்து பார்த்தால், அது தென்னிந்தியாவைக் கடந்து, கோவாவுக்குச் சற்று அப்பால் அரபிக் கடலில் இறங்கி, கராச்சிக்கு மேற்கே கரையைத் தொட்டு, ஈரானின் நடுப்பகுதி, ஆர்மேனியாவின் அயல், கருங்கடல், உக்ரேனின் தென்மேற்கு மூலை, சுலோவாக்கியா, ஜெர்மனி என்று போகிறது. இந்தப் பட்டியலைச் செய்தித்தாள் வாசிப்பவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உக்ரேனின் வான்பரப்பு 2022 பெப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் ஈரானும் ஈராக்கும் தமது வான்பரப்பை மூடின. அதே மாதம் 23ஆம் திகதி கட்டாரும் சில மணித்தியாலங்கள் மூடியபோது, டோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. வளைகுடாவில் வேலைக்குப் போனவர்கள் இல்லாத தோட்டம் மலையகத்தில் அரிது என்பதால், அந்த இரவில் எங்கள் பக்கத்து லயங்களிலும் தூக்கம் இருக்கவில்லை.

மூடப்பட்ட வானம் தூரத்தை என்ன செய்யும் என்பதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோ பாதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ரஷ்யாவின் மேலாகப் பறந்த காலத்தில் பின்லாந்தின் ஃபின்எயார் விமானம் அதை ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலத்தில் கடந்தது. ரஷ்யா தன் வான்பரப்பை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடிய பின்னர் அதே பயணத்துக்கு ஏறத்தாழ 13 மணித்தியாலம் ஆகிறது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பெருவட்டத் தூரத்தில் ஒரு மீற்றர்கூட மாறவில்லை.

தூரம் என்னும் எண்ணைப் பற்றி எழுதும்போது மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதி மக்களால் கடந்துபோக முடியாத ஒரு நாள் இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குச் சென்ற மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி–8 விமானம் ஒன்று, இடையில் கட்டுநாயக்கவில் தரித்துச் செல்வதற்காக இறங்கிக்கொண்டிருந்தபோது ஏழு கன்னிமலையில் மோதியது. 182 பயணிகளும் 9 பணியாளர்களுமாக 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் இதுவே ஆகப் பெரியது. சுராபாயாவிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். மலையிலிருந்து ஓடுபாதைக்கு மிஞ்சியிருந்தது ஏறத்தாழ 70 கிலோமீற்றர். விமான நிலையத்திலிருந்து தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக இனங்கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதே விசாரணையின் முடிவு. அவர்களுடைய கணக்கில் மலைகள் பின்னால் போய்விட்டன. உண்மையில் மலைகள் முன்னால் இருந்தன.

இது எப்படி நேரும் என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெருங்கடலின் மேல் பறக்கும் விமானத்துக்குக் கீழே வானொலி நிலையம் எதுவும் கிடையாது. விமானத்தில் பொருத்தியிருந்த டொப்ளர் கருவி, கீழே அனுப்பிய அலை திரும்பி வரும்போது அதன் அதிர்வெண்ணில் தோன்றும் மாற்றத்தைக் கொண்டு தரைக்கு ஒப்பான வேகத்தைக் கணிக்கும். அந்த வேகத்தை நேரத்தால் பெருக்கித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இப்படிக் கூட்டும் கணக்கில் சிறு பிழை ஒன்று புகுந்தாலும், அது மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் வளர்ந்துகொண்டே போகும். அந்த விபத்தில் டொப்ளரையும் வானிலை ராடாரையும் நம்பியிருந்தது தவறான விளக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டது என்று நெதர்லாந்துத் தரப்பு கருதியது. இன்று செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்துவிட்டது. அதற்கு முன்பே பரவலாகிவிட்ட இன்னொரு கருவியும் விமான நிலையங்களில் தொடர்ந்து இயங்குகிறது. விமானம் ஒரு வானொலித் துடிப்பை அனுப்பும், தரையிலுள்ள நிலையம் அதற்கு மறுமொழி அனுப்பும், சென்று திரும்ப ஆன நேரத்திலிருந்து இடைத்தூரம் கணிக்கப்படும். அதுவும் சாய்வான தூரத்தையே காட்டும். 11 கிலோமீற்றர் உயரத்தில் நிலையத்துக்கு நேர் மேலே பறக்கும்போதும் கருவியில் பூச்சியம் வராது, 6 கடல் மைல் என்றே வரும். தூரம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஓர் அளவுமுறை இருக்கிறது என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த ஏழு மலைமுகடுகளே காரணம். ஹட்டனிலிருந்து நோர்ட்டன் பக்கம் போகும்போது வானம் தெளிவாக இருந்தால் அவற்றைக் காணலாம்.

இனி நேரத்துக்கு வருகிறேன். பெரிய பயணிகள் விமானமொன்று மணிக்குச் சுமார் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். 8,700ஐ 900ஆல் வகுத்தால் ஒன்பது மணித்தியாலமும் 40 நிமிடமும் வரும். அட்டவணையிலோ ஏறத்தாழ 11 மணித்தியாலம் என்று இருக்கும். எஞ்சியது எங்கே போகிறது? அட்டவணை காட்டுவது பறக்கும் நேரத்தை அல்ல. விமானம் புறப்படும் வாயிலிலிருந்து பின்னோக்கித் தள்ளப்படும் கணம் முதல், அடையும் ஊரின் வாயிலில் நிறுத்தப்படும் கணம் வரை உள்ள நேரத்தை அது காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் உள்ள விமானங்களுக்காகக் காத்திருப்பதும், மெதுவான வேகத்தில் ஏறுவதும் இறங்குவதும் அதில் அடங்கும். ஹீத்ரோ போன்ற நெரிசலான இடத்தில், இறங்குவதற்கு முறை வரும்வரை வானத்திலேயே வட்டமிடுவதும் உண்டு. மூடிய வான்பரப்புகளைச் சுற்றிப் போவதனால் கூடும் தூரம் இதற்கு மேல். தாமதத்துக்கென்று நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைச் சேர்த்தே வைக்கின்றன. நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டோம் என்ற அறிவிப்பைக் கேட்டுப் பெருமைப்படுகிறவர்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய காரணி காற்று. நடு அகலக்கோடுகளில், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்னும் ஓர் ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டுவது சாதாரணம். லண்டனுக்குப் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது, திரும்பி வரும் விமானமோ அதன் முதுகில் ஏறி வருகிறது. அதனால்தான் வரும்போது அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ குறைகிறது. 2020 பெப்ரவரியில் புயல் ஒன்று இந்தக் காற்றை மேலும் விரைவுபடுத்தியபோது, நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானம் 4 மணித்தியாலம் 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஆறரை மணித்தியாலம் வரை ஆகும். எங்கள் கட்டுநாயக்கவுக்கே ஓர் இணை உதாரணம் இருக்கிறது. 2017 ஒக்டோபரில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் தொடங்கிய மெல்பேர்ன் நேரடிச் சேவையின் தூரம் ஏறத்தாழ 8,360 கிலோமீற்றர், அதாவது லண்டனைவிட 350 கிலோமீற்றர்தான் குறைவு. மெல்பேர்னுக்கு ஏறத்தாழ பத்து மணித்தியாலத்தில் போய்விடலாம், திரும்புவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். லண்டன் பயணத்தில் போவது நீளம், மெல்பேர்ன் பயணத்தில் வருவது நீளம். இரண்டிலும் மேற்கு நோக்கிய பயணமே நீளமாகிறது.

இதைக் கற்பிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்டே தீரும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், பூமி சுத்துது தானே? பிளேன் மேல சும்மா நின்னாலே லண்டன் கீழ வந்துறாதா?" சிரிப்பதற்குரிய கேள்வி அல்ல இது. இலங்கை இருக்கும் அகலக்கோட்டில் தரை மணிக்கு 1,650 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து எழும் விமானத்துக்கும் எழும் கணத்திலேயே அந்த வேகம் இருக்கிறது, அது நீந்தும் காற்றுக்கும் அதே வேகம் இருக்கிறது. ஆகவே சும்மா நின்றால் கட்டுநாயக்கவே கீழே இருக்கும். பூமியின் சுழற்சி செய்வதெல்லாம் காற்றின் திசையைத் திருப்புவதுதான், ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து வீசுவதற்குக் காரணங்களில் ஒன்று அதுவே. எனவே அந்தப் பிள்ளை கேட்டதில் சுற்றுவழியாக ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அது லண்டன் போகிறவருக்குப் பாதகமாகவே அமைகிறது.

தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு காலத்துக்குக் காலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு இந்தத் தீவே ஒரு சாட்சி. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. அதை மீண்டும் இணைப்பதற்காக 1943 முதல் 1945 வரை, குவாண்டாஸ் நிறுவனம் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவியிலிருந்து பேர்த் நகருக்கு கட்டலினா என்னும் பறக்கும் படகுகளை இயக்கியது. ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர், வழியில் இறங்குவதற்கு ஓர் இடமும் இல்லை. எதிரி அறியாதிருக்க வானொலியை வாய்மூடச் செய்து, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டார்கள். எரிபொருளே எடையை நிரப்பிவிட்டதால் பயணிகள் மூவருக்கு மேல் ஏற முடியாது. பயணம் 27 முதல் 33 மணித்தியாலம் வரை நீண்டதால், ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள், அதற்கென்று ஒரு சான்றிதழும் பெற்றார்கள். அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். இன்று அதே தூரத்தைக் கடக்க ஏழு மணித்தியாலம் போதும். வான்வழியில் நீண்ட நேரம் என்று இன்று நாம் எண்ணும் சிங்கப்பூர்–நியூயோர்க் சேவைகூட 15,300 கிலோமீற்றரை 19 மணித்தியாலத்துக்குள் கடந்துவிடுகிறது.

டிக்கட்டில் அச்சிட்ட நேரங்களைக் கழித்துப் பார்த்து ஏமாறுவது இன்னொரு பொதுவான சிக்கல். டிக்கட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். பிற்பகல் ஒரு மணிக்குக் கட்டுநாயக்கவிலிருந்து கிளம்பி 11 மணித்தியாலம் பறந்தால், இங்கே நள்ளிரவு ஆகும்போது அங்கே கோடைகாலத்தில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் மாலை ஆறரை. மேலோட்டமாகக் கழித்தால் ஆறரை மணித்தியாலப் பயணம் போலத் தோன்றும். வரும்போது அதே கழித்தல் 15 மணித்தியாலம் என்று காட்டி அச்சுறுத்தும். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால், ஊர்நேர வேறுபாடும் காற்றும் பெருமளவு நீங்கி, உண்மைக்கு அண்மையான சராசரி ஒன்று கிடைக்கும். இலங்கையின் கடிகாரமே நிலையாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். மின் பற்றாக்குறையைச் சமாளிக்க 1996இல் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள், அதே ஆண்டிலேயே அரை மணித்தியாலம் பின்னிழுத்தார்கள், 2006 ஏப்ரலில் கிறீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் கட்டுநாயக்கவுக்கும் சென்னைக்கும் இடையில் அரை மணித்தியால வேறுபாடு இருந்தது. சென்னைக்குப் பறக்கும் நேரமே ஒன்றேகால் மணித்தியாலம்தான். ஆகவே டிக்கட்டின்படி முக்கால் மணித்தியாலத்தில் போய், ஒன்றேமுக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தோம்.

இடைத்தங்கல் உள்ள பயணத்தில் தூரமும் நேரமும் முற்றாகப் பிரிந்துவிடுகின்றன. டொரன்டோவுக்கு இங்கிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய் வழியாகப் போனால் கட்டுநாயக்க–துபாய் ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர், துபாய்–டொரன்டோ ஏறத்தாழ 11,080 கிலோமீற்றர், மொத்தம் 14,370. நூல் காட்டிய 14,000உடன் ஒப்பிட்டால் வெறும் 370 கிலோமீற்றர்தான் அதிகம். சுற்றுவழி என்று நினைப்பது உண்மையில் சுற்றே அல்ல. ஆனால் பறப்பதற்கு மட்டும் பதினெட்டரை மணித்தியாலம் ஆகிறது, அதோடு துபாயில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பதா பத்து மணித்தியாலம் காத்திருப்பதா என்பதை டிக்கட்டின் விலையே தீர்மானிக்கிறது. விலை குறைந்த டிக்கட்டைத் தேடுகிறவர் பூமியின் அளவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, காத்திருக்கும் நாற்காலியின் உறுதியைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும்.

இப்போது எங்கள் பாதை. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 86 கிலோமீற்றர்தான். வீதியால் 130 கிலோமீற்றருக்கும் அதிகம். கோட்டை ரயில் நிலையமும் நேர்கோட்டில் ஏறத்தாழ அதே தொலைவில்தான் இருக்கிறது, ஆனால் ரயில்பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குவதால் அதன் நீளம் 170 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. பெருவட்டமும் உண்மை வழியும் இவ்வளவு தூரம் விலகுவதைக் காண்பதற்கு நாம் வானத்தில் ஏற வேண்டியதில்லை. வேன் கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி, கித்துல்கல, அவிசாவளை என்று போய், கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறும்வரை மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டுவதே பெரிய காரியம். கடுவலையில் ஏறிவிட்டால் கட்டுநாயக்க அரை மணித்தியாலம். மொத்தம் நாலரை அல்லது ஐந்து மணித்தியாலம். கட்டுநாயக்கவிலிருந்து துபாய் போகவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகிறது. மழைக்காலத்தில் மண்சரிவு விழுந்து பாதை தடைப்பட்டால், நம்மை முந்திக்கொண்டு துபாய் விமானம் இறங்கியிருக்கும்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வந்திறங்கும் நீர்விமானம் இதே தொலைவை அரை மணித்தியாலம் போலக் கடந்துவிடுகிறது. அதில் வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்து பங்களாக்களில் தங்கும் உல்லாசப் பயணிகள், அதைக் கரையில் நின்று பார்க்கிறவர்கள் நாங்கள். 2013இல் மத்தளையில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். பண்டாரவளை, வெல்லவாய பக்கத்தவர்களுக்கு அது கட்டுநாயக்கவைவிட மிகவும் கிட்ட, ஆனால் அங்கிருந்து அவர்கள் போக வேண்டிய ஊருக்கு விமானம் கிடைப்பதில்லை. விமானம் எழாத விமான நிலையம் எவ்வளவு அருகில் இருந்தும் என்ன? திருச்சிராப்பள்ளி கட்டுநாயக்கவிலிருந்து 420 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலப் பறப்பு. எங்கள் முன்னோர் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கிளம்பி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திருச்சிக்குப் போகும்போது, தோட்டத்திலிருந்து கட்டுநாயக்க போய்ச் சேர்வதுதான் பயணத்தின் நீளமான பகுதி.

அண்மையில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர், லெஸ்டர் நகரில் இருக்கும் மகனிடம் போவதற்காக டிக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து கணக்குக் கேட்டார். "பதினொரு மணித்தியாலமாம் மாஸ்டர், ஒரு ராத்திரி ரயில்ல போற மாதிரி தானே?" என்றார். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். விமானம் பிற்பகல் ஒரு மணிக்கு. விமான நிலையத்தில் பத்து மணிக்கு இருக்க வேண்டும். வேன் ஹட்டனிலிருந்து ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும், மழை என்றால் நான்கு மணிக்கு. அவருடைய டிவிசனிலிருந்து ஹட்டன் வருவதற்குத் தோட்டப்பாதையில் ஒரு மணித்தியாலம், ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புவது விடிகாலை மூன்று மணி. ஹீத்ரோவில் இறங்கும்போது இங்கே நள்ளிரவு. குடிவரவு வரிசைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணித்தியாலம், அங்கிருந்து பஸ்ஸில் லெஸ்டருக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். மொத்தம் இருபத்தைந்தரை மணித்தியாலம். அதில் 8,700 கிலோமீற்றருக்குப் போவது 11 மணித்தியாலம். இரு முனைகளிலும் உள்ள முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றருக்கும் வரிசைகளுக்கும் போவது பதினாலரை.

அவர் தாளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகனுக்குப் போனில் எந்த நேரத்தைச் சொல்வது என்று கேட்டார். வேன்காரருக்கு மூன்று மணி என்று இலங்கை நேரத்தையும், மகனுக்கு இரவு ஒன்பது மணிக்கு ஹீத்ரோ வெளிவாசலில் நிற்கும்படி லண்டன் நேரத்தையும் தனித்தனி வரியில் எழுதி, அந்தந்த நேரத்தின் பக்கத்தில் ஊரின் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு டிக்கட் மாறினால் அங்கே கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்போகும், அப்போது ஒன்பதை எட்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அதன் கீழே குறித்துவைத்தேன்.